செருப்புப் பெட்டியில் ஒரு ஷெல்டர்: பெற்றோர் கேள்வி–பதில்

இங்கிலாந்துத் தொடக்கப் பள்ளிகளில் இயர் 5, இயர் 6 வந்தாலே பல வீடுகளில் இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிடுகிறது. அரசுப் பாடத்திட்டம் கேட்பது 1066க்குப் பிந்தைய பிரிட்டிஷ் வரலாற்றில் ஏதாவது ஒரு பகுதியைத்தான். ‘பிரிட்டன் சண்டை’ (1940இல் பிரிட்டன் வானில் நடந்த விமானப் போர்) அங்கே ஓர் உதாரணம் மட்டுமே. ஆனால் பல பள்ளிகள் அந்த உதாரணத்தையே பிடித்துக்கொள்கின்றன. விளைவு: மாடல், கடிதம், சாப்பாடு, வேஷம் என்று ஒரு பருவம் முழுக்க வீட்டுப்பாடம். இந்த மாதம் வந்த கேள்விகளில் சில இங்கே.

மகன் ஆண்டர்சன் ஷெல்டர் (வான் தாக்குதலின்போது பதுங்க, தோட்டத்தில் பாதி புதைத்து வைத்த நெளி இரும்புத் தகட்டு அறை) மாடல் கொண்டுபோக வேண்டும். நெளி அட்டை வாங்கினோம். வளைத்தால் மடிந்து உடைகிறது. மண் போட்டால் மொத்தமும் சரிகிறது. இரண்டு முறை குப்பைக்குப் போய்விட்டது. எப்படித்தான் செய்வது?
– ஹாரோ வாசகி

முதலில் அளவைப் பிடியுங்கள், பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். நிஜ ஷெல்டர் 6 அடி 6 அங்குல நீளம், 4 அடி 6 அங்குல அகலம், 6 அடி உயரம். அதில் 4 அடி பூமிக்குள் போய்விடும். மேலே தெரிவது 2 அடிதான், அதன்மேலும் குறைந்தது 15 அங்குல மண். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் மாடல் 16.5 செ.மீ. நீளம், 11.4 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் வரும். புதைய வேண்டிய ஆழம் 10 செ.மீ. பெரியவர்களின் செருப்புப் பெட்டி ஏறத்தாழ அதே ஆழம். அதாவது பெட்டியின் விளிம்புதான் உங்கள் தோட்டத்தின் தரை. பிள்ளைகள் கொண்டுவரும் பெரும்பாலான மாடல்களில் ஷெல்டர் புல்வெளிமேல் கோழிக்கூண்டு மாதிரி நிற்கும். ஆசிரியர் கண்ணில் முதலில் படும் தவறு அதுதான்.

அட்டை உடைவதற்குக் காரணம் வரிகளின் திசை. கைவினைக் கடையில் சுருளாக விற்கும் நெளி அட்டை ஒரு வாட்டத்தில்தான் சுலபமாகச் சுருளும். நிஜத் தகட்டில் வரிகள் தரையிலிருந்து மேலேறி, வளைந்து, உச்சியில் எதிர்த் தகட்டோடு சேரும். நமக்கு வேண்டிய வளைவு அட்டை மறுக்கும் வாட்டத்தில் இருக்கிறது. பலர் அட்டையைத் திருப்பிப் போட்டு வளைத்துவிடுகிறார்கள். வளையும், ஆனால் வரிகள் படுக்கை வாட்டத்தில் ஓடும். புகைப்படத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

சரியான வழி இது. பக்கத்துக்கு மூன்று, மொத்தம் ஆறு தகடுகள். 5.8 செ.மீ. அகலம், 19.5 செ.மீ. நீளத்தில், வரிகள் நீளவாக்கில் ஓடும்படி ஆறு துண்டு வெட்டுங்கள். அடிப்பக்கம் 9.5 செ.மீ. நேராகவே இருக்கட்டும். மேல் பாதியின் தட்டைப் பக்கத்தை மட்டும் ஈரப் பஞ்சால் ஒற்றி, 2 லிட்டர் சோடா பாட்டிலைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு இரவு முழுக்க விடுங்கள். பாட்டிலின் குறுக்களவு ஏறத்தாழ 11 செ.மீ., நமக்கு வேண்டிய வளைவும் அதுதான். காலையில் வடிவம் நிற்கும். ஈரம் அதிகமானால் வரிகள் நசுங்கித் தட்டையாகிவிடும். ஒற்ற வேண்டும், நனைக்கக் கூடாது. பக்கத்துத் தகடுகள் அரை செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். உச்சியில் 1 செ.மீ. விட்டு எதிரெதிர்த் தகடுகளை ஸ்பிளிட் பின் (இரண்டு காலையும் விரித்து மடக்கும் சிறு ஊசி) கொண்டு இணையுங்கள். நிஜத்திலும் அங்கே போல்ட்தான்.

நிறம் பச்சை அல்ல. துத்தநாகம் பூசிய இரும்புக்குரிய வெள்ளிச் சாம்பல். போஸ்டர் பெயின்ட் தண்ணீர் விடும், அக்ரிலிக்கை மெல்லிசாகப் பூசுங்கள். வாசலுக்கு அழகான மரக்கதவு மாட்ட வேண்டாம். பலர் சாக்கையோ பழைய கம்பளியையோதான் தொங்கவிட்டார்கள்.

மண்ணுக்கு வருவோம். பெட்டி நிறைய நிஜ மண் போட்டால் ஐந்து கிலோவுக்கு மேல் கனக்கும், அடி பிய்ந்துவிடும். சுற்றிலும் கசக்கிய செய்தித்தாளை இறுக்கித் திணித்து, மேலே 1 செ.மீ. மட்டும் தேங்காய் நார்த் தூள் தூவிப் பசையில் ஒட்டுங்கள். கூரைமேல் 3 செ.மீ. தடிமன் வரவேண்டும். அங்கேயும் உள்ளே தாள், மேலே தூள். தேயிலைச் சக்கை பயன்படுத்துவதானால் நன்றாகக் காயவைத்த பிறகு. ஈரத்தோடு போட்டால் மூன்றாம் நாள் பூஞ்சை பிடித்து நாறும். கூரைமேல் நாலு முட்டைக்கோஸ் நட்டுவிடலாம், அப்படித்தான் காய்கறி போட்டார்கள். உள்ளே தரையில் நீல வண்ணத்தில் சிறு குட்டை ஒன்று தீட்டச் சொல்லுங்கள். தண்ணீர் தேங்கியதுதான் இந்த ஷெல்டரின் தீராத குறை. குளிர்காலத்தில் பலர் அதற்குப் பயந்தே வீட்டுக்குள் படுத்தார்கள்.

ஒரு சுவையான குறிப்பு. ஷெல்டருக்குப் பெயர் தந்த சர் ஜான் ஆண்டர்சன், வான் தாக்குதல் பாதுகாப்புப் பொறுப்புக்கு வருமுன் 1932 முதல் 1937 வரை வங்காள கவர்னர். ஆண்டு வருமானம் 250 பவுண்டுக்குக் குறைந்த வீடுகளுக்கு ஷெல்டர் இலவசம், மற்றவர்களுக்கு 7 பவுண்டு. இந்த இரண்டு எண்ணையும் மகன் ஒரு சீட்டில் எழுதி மாடல்மேல் ஒட்டட்டும். வண்ணத்தைவிட அது பேசும்.

குண்டுவீச்சுக்குப் பயந்து நகரத்திலிருந்து கிராமத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளை அம்மாவுக்கு எழுதுவது போல ஒரு கடிதம். தாளைத் தேநீரில் நனைத்துப் பழசாக்கச் சொன்னார்கள். நனைத்ததும் மை முழுக்க ஓடி, மகள் அழுதுவிட்டாள்.
– ஈஸ்ட் ஹாம் வாசகர்

வரிசை மாறிவிட்டது. முதலில் நனைக்க வேண்டும், பிறகு காயவைக்க வேண்டும், கடைசியில் எழுத வேண்டும். 250 மி.லி. கொதிநீரில் மூன்று தேநீர்ப் பைகளைப் பத்து நிமிடம் போட்டு, ஆறவைத்து, அகலமான தட்டில் ஊற்றுங்கள். கோடு போடாத வெள்ளைத் தாள் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் போதும். அதற்கு மேல் ஊறினால் தூக்கும்போது கிழியும். இரண்டு கையாலும் அடியில் தாங்கி எடுத்து, கம்பித் தட்டில் உலர்த்தி, இரண்டு துணிக்கு நடுவே வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். சில பிள்ளைகள் ஓரத்தை மெழுகுவத்தியில் கருக்குகிறார்கள். அது வேண்டாம். ஆபத்து ஒரு பக்கம் இருக்கட்டும், அம்மாவுக்கு எழுதிய கடிதம் எதற்கு எரிய வேண்டும்?

உண்மையான மதிப்பெண் உள்ளடக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகளை நகரங்களிலிருந்து அனுப்பத் தொடங்கியது 1939 செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை. போர் அறிவிப்பு வந்தது ஞாயிறு, செப்டம்பர் 3. செப்டம்பர் 2 என்று தேதி போட்டுவிட்டு ‘போர் தொடங்கிவிட்டது’ என்று எழுதினால் தவறு. ‘நம் வீட்டின்மேல் குண்டு விழுந்ததா அம்மா’ என்பதும் அந்தத் தேதிக்குப் பொருந்தாது. லண்டன்மீது தொடர் குண்டுவீச்சு ஓராண்டு கழித்துத்தான். அந்த இடைவெளியில் ஒன்றும் நடக்காததைப் பார்த்துப் பெரும் பகுதிப் பிள்ளைகள் 1940 தொடக்கத்துக்குள் வீடு திரும்பிவிட்டார்கள்.

பால்பாயின்ட் பேனா இங்கே கடைக்கு வந்தது போர் முடிந்த பிறகு. பென்சில் நல்லது, மைப்பேனா இன்னும் நல்லது. முகவரியில் இன்றைய போஸ்ட்கோட் கூடாது. ‘லண்டன், ஈ.6’ என்று நிறுத்திக்கொள்ளலாம். பணம் பற்றி எழுதினால் ஷில்லிங், பென்னி: 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஒரு பிள்ளையை வைத்துக்கொண்ட வீட்டுக்கு அரசு வாரம் 10 ஷில்லிங் 6 பென்னி கொடுத்தது. ஒன்றுக்கு மேல் என்றால் தலைக்கு 8 ஷில்லிங் 6 பென்னி. ‘என்னை வைத்திருப்பதற்கு இவர்களுக்குப் பத்தரை ஷில்லிங் கிடைக்கிறதாம்’ என்று ஒரு வரி வந்தால் கடிதத்துக்கு உயிர் வந்துவிடும்.

இணையத்தில் போர்க்காலத்து நிஜ கேஸ் மாஸ்க் (நச்சுவாயு முகமூடி) ஒன்று மலிவாகக் கிடைத்தது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் போட்டுப் பார்க்கட்டும் என்று அனுப்பலாமா?
– க்ராய்டன் வாசகர்

கூடவே கூடாது. அந்தக் கால முகமூடிகளின் வடிகட்டிகள் பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது. நாளாக ஆக அது தூளாகும், மூச்சிழுத்தால் நுரையீரலுக்குப் போகும். பள்ளிகளில் யாரும் அணியக் கூடாது என்று பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பே எச்சரித்திருக்கிறது. வாங்கியதைக் கழற்றிப் பார்க்காமல், தட்டித் துடைக்காமல், இரண்டு பிளாஸ்டிக் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டி, கவுன்சிலில் ஆஸ்பெஸ்டாஸ் கழிவு எங்கே வாங்குவார்கள் என்று கேளுங்கள். சாதாரணக் குப்பைத் தொட்டி வேண்டாம்.

வகுப்புக்கு முகமூடி தேவையே இல்லை, அது இருந்த அட்டைப் பெட்டி போதும். பழுப்பு அட்டையில் 18 செ.மீ.க்கு 15 செ.மீ., உயரம் 12 செ.மீ. அளவில் பெட்டி செய்து, தோளில் மாட்டச் சணல் கயிறு கட்டுங்கள். கயிறு ஒட்டிய இடம் பிய்ந்துவிடும் என்பதால் துளையிட்டு உள்பக்கம் முடிச்சுப் போட வேண்டும்.

‘போர்க்கால மதிய உணவு’ கொண்டுவரச் சொல்கிறார்கள். நாங்கள் சைவம். எதைத்தான் கட்டிக்கொடுப்பது?
– வெம்ப்லி வாசகி

உங்களுக்குத்தான் இது சுலபம். ரேஷனில் இறுகியது இறைச்சியும் கொழுப்பும் சர்க்கரையும். உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் எதுவும் ரேஷனில் வரவில்லை. போர் முடியும்வரை ரொட்டிக்கும் கட்டுப்பாடு இல்லை, ரொட்டி ரேஷன் வந்தது 1946இல்தான். சைவ உணவுக்காரர்கள் இறைச்சிப் பங்கை விட்டுக்கொடுத்தால் பதிலுக்குக் கூடுதல் சீஸ் கிடைத்தது. மகள் வகுப்பில் இதைச் சொல்லட்டும், ஆசிரியருக்கே புதிதாக இருக்கலாம்.

நம் சமையலறைக்கு வலித்திருக்கக்கூடியது வேறு. வெங்காயம் கிடையாது. பிரிட்டனுக்கு வெங்காயம் பெரும்பாலும் பிரான்ஸின் பிரிட்டனி பகுதியிலிருந்தும் சேனல் தீவுகளிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. 1940இல் ஜெர்மானியர் அவற்றைப் பிடித்ததும் வரத்து நின்றுபோனது. வாழைப்பழமும் அதே ஆண்டு கடைகளிலிருந்து மறைந்தது. ஆகவே டிபன் டப்பாவில் வாழைப்பழம் வைத்துவிடாதீர்கள்.

செய்து கொடுக்க ஏற்றது வுல்ட்டன் பை. உணவு அமைச்சர் லார்ட் வுல்ட்டன் பெயரில் சவாய் ஓட்டல் சமையல்காரர் உருவாக்கியது. உருளை, காலிஃபிளவர், ஸ்வீட் (swede, டர்னிப் போன்ற ஒரு கிழங்கு), கேரட் ஒவ்வொன்றும் 450 கிராம், மூன்று நான்கு வெங்காயத் தாள், ஒரு தேக்கரண்டி காய்கறிச் சாரப் பசை (இன்றைக்கு மார்மைட் என்ற ஈஸ்ட் சாரப் பசை போடலாம்), ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸ் மாவு. இது ஆறு பேருக்கு வரும். வீட்டுக்குப் பாதி அளவு போதும். காய்கள் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம், அடிபிடிக்காமல் கிளறி வேகவையுங்கள். இங்கேதான் கெட்டுப்போகும்: தண்ணீர் ஒரு கை கூடினாலும் கூட்டு குழம்பாகிவிடும். ஸ்வீட் கிழங்கு மற்றவற்றைவிட மெதுவாக வேகும், அதைப் பொடியாக நறுக்குங்கள். காலிஃபிளவரைக் கடைசியில் போடாவிட்டால் கரைந்துவிடும். ஆறியதும் பார்ஸ்லி தூவி, மசித்த உருளையை மேலே பரப்பி, பொன்னிறம் வரும்வரை ஓவனில் வையுங்கள்.

சப்பென்றுதான் இருக்கும். ஒரு சிட்டிகை கறித்தூள் போட்டால் வரலாற்றுப் பிழை ஆகாது. 18ஆம் நூற்றாண்டிலிருந்தே லண்டனில் அது விற்பனையில் இருந்தது. கடுகு தாளித்துக் கறிவேப்பிலை போட்டால் மட்டும் மாட்டிக்கொள்வீர்கள்.

சமைக்க நேரமில்லையென்றால் இன்னொரு வழி, அதுவே எங்களுக்குப் பிடித்தது. பெரியவர் ஒருவரின் ஒரு வாரப் பங்கைத் தராசில் நிறுத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். வெண்ணெய் 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம், 250 கிராம் கட்டியில் கால் பங்குக்கும் குறைவு. சீஸ் 57 கிராம், தேயிலை 57 கிராம், மார்ஜரின் 113 கிராம், சர்க்கரை 227 கிராம், பால் 3 பைன்ட், முட்டை ஒன்று. போரின்போது இந்த அளவுகள் ஏறி இறங்கின, அதனால் ‘வழக்கமான பங்கு’ என்று தலைப்பிடுங்கள். மிட்டாய் நான்கு வாரத்துக்கு 340 கிராம், அதுவும் 1942 ஜூலை முதல். பிறகு நம் வீட்டில் ஒரு வாரத்துக்கு எத்தனை கிராம் சர்க்கரை போகிறது என்று பிள்ளையே ஏழு நாள் எழுதி வைக்கட்டும். காபி, டீ இரண்டிலும் ஆளுக்கு இரண்டு கரண்டி போடும் வீட்டில் இந்தக் கணக்கு சற்று சங்கடமாகவே முடியும்.

பள்ளியில் போர்க்காலப் பிள்ளை வேஷம் போட்டு வரும் நாள். என் மகள் கேட்கிறாள்: ‘நம் நிறத்துப் பிள்ளைகள் அப்போது லண்டனில் இருந்தார்களா? நான் எப்படி அந்த வேஷம் போடுவது?’
– டூட்டிங் வாசகி

இருந்தார்கள். கிழக்கு லண்டன், லிவர்பூல், கார்டிஃப் துறைமுகப் பகுதிகளில் ஆசிய, ஆப்பிரிக்க, கரீபியக் குடும்பங்கள் போருக்கு முன்பே குடியிருந்தன. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் ரயிலேறினார்கள். பெரியவர்களில், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வி.கே. கிருஷ்ண மேனன் அந்த ஆண்டுகளில் லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நகரமன்ற உறுப்பினர், வான் தாக்குதல் காப்பாளராகவும் பணி செய்தார். மகள் எந்தத் தயக்கமும் இல்லாமல் போகலாம்.

கடை உடை வாங்க வேண்டாம். முழங்கால்வரை பாவாடை, கார்டிகன், மேல்கோட்டு, இரட்டைப் பின்னல் போதும். கோட்டில் பழுப்பு அட்டைச் சீட்டு: பெயரும் பள்ளியும். கையில் சிறு பை. பைக்குள் இருப்பதைக் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும்: மாற்று உள்ளாடை, இரவு உடை, காலுறை, கேன்வாஸ் காலணி, பல்துலக்கி, சீப்பு, துண்டு, சோப்பு, கைக்குட்டை, அன்றைய சாப்பாடு.

பிரிட்டன் சண்டையும் பிளிட்ஸும் ஒன்றா? மகன் ஒன்று என்கிறான்.
– ரெடிங் வாசகர்

இல்லை. முதலாவது வானில் விமானப் படைகள் மோதியது, 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை என்று பிரிட்டன் கணக்கு வைக்கிறது. பிளிட்ஸ் நகரங்கள்மீது குண்டு பொழிந்தது, 1940 செப்டம்பர் 7 முதல் 1941 மே வரை. ஏறத்தாழ எட்டு வாரம் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால்தான் குழப்பம். காலக்கோட்டில் இரண்டு நிறப் பட்டைகளாக, ஒன்றின்கீழ் ஒன்றாக வரையச் சொல்லுங்கள். ஹெண்டனில் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, அங்கே அந்தச் சண்டையில் பறந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தைக் கண்ணெதிரே பார்க்கலாம்.

அடுத்த வாரம் வகுப்பை இருட்டாக்கி சைரன் போட்டு, பிள்ளைகளை மேசைக்குக் கீழே இருக்க வைப்பார்களாம். ‘வீட்டுப் பெரியவர்களிடம் போர் அனுபவம் கேட்டு வா’ என்றும் வீட்டுப்பாடம். என் அம்மா யாழ்ப்பாணத்தில் பொம்மருக்கும் ஷெல்லுக்கும் பயந்து பங்கருக்குள் இருந்தவர். மகன் அம்மம்மாவிடம் கேட்கலாமா? எனக்கே அந்தச் சத்தம் கேட்டால் நெஞ்சு பதைக்கும்.
– சட்டன் வாசகி

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். சைரன் விஷயத்தை இன்றே ஆசிரியருக்கு எழுதுங்கள். நீளமாக வேண்டாம், மூன்று செய்தி போதும்: எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நிஜமாகவே குண்டுவீச்சில் வாழ்ந்தவர்கள், எந்த நாள், எந்த நேரம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், மகன் விரும்பாவிட்டால் அந்தப் பத்து நிமிடம் வெளியே வேறு வேலை செய்ய அனுமதியுங்கள். உங்கள் வகுப்பில் சிரியா, உக்ரைன், ஆப்கானிஸ்தான் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் அது உதவும். ஏற்ற இறக்கமாக ஓலமிடுவது எச்சரிக்கை, ஒரே சீராக ஒலிப்பது ஆபத்து நீங்கியதற்கான ஒலி என்று பிள்ளைக்கு முன்பே சொல்லிவையுங்கள். எது வரப்போகிறது என்று தெரிந்தால் பயம் பாதியாகும்.

அம்மம்மாவிடம் முதலில் நீங்கள் தனியே கேளுங்கள், பிள்ளையை முன்னால் நிறுத்திக் கேட்காதீர்கள். அவர் வேண்டாம் என்றால் விடுங்கள், 1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதை எழுதிவிடலாம். பள்ளி கேட்கும் அதே போர்தான் அதுவும்.

சம்மதித்தால், ‘பயமாக இருந்ததா?’ என்று மகன் தொடங்கக் கூடாது. பொருளைப் பற்றிக் கேட்கட்டும். பங்கரை யார் வெட்டினார்கள்? எத்தனை பேர் இருக்கலாம்? மேலே என்ன போட்டீர்கள்? உள்ளே என்ன கொண்டுபோனீர்கள்? மழை வந்தால் என்ன செய்தீர்கள்? ஐந்து கேள்வி, இருபது நிமிடம், நடுவில் ஒரு தேத்தண்ணி. இரவு படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம், பகலில் வையுங்கள்.

பதில்கள் வந்ததும் தாளை இரண்டு பத்தியாகக் கோடு போட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் ஆண்டர்சன், மறுபக்கம் பங்கர். அங்கே நெளி இரும்புத் தகடு, இங்கே பனங்குற்றி. இரண்டுக்கும் மேலே மண், அங்கே தோட்டத்து மண், இங்கே மண்மூட்டை. அது தொழிற்சாலையில் செய்து வீட்டுக்கு வந்தது, இது வீட்டுக்காரரே வெட்டியது. அங்கே ரேஷன் புத்தகம், இங்கே பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஏற்றிய ஜாம் போத்தல் விளக்கு. கடைசி வரியில் இரண்டு பத்திக்கும் ஒரே பதில்தான் வரும்: மழை பெய்தால் உள்ளே தண்ணீர் நிற்கும்.